சான்றிதழ் மீட்கத் திருச்சிக்கு

முசிறியைத் தாண்டியதும் பேருந்தின் வலப்பக்கம் காவிரி கூடவே வரத் தொடங்கியது. ஆவணி மாதம். ஆற்றில் நிறையத் தண்ணீர். தருமபுரியில் விடியற்காலையில் ஏறி, சேலத்திலும் நாமக்கல்லிலும் வண்டி மாறி வந்திருந்தேன். வாழைத் தோப்புகளையும் வெட்டிக் காயப்போட்ட கோரையையும் பார்த்ததில் உடம்பு வலி பாதி மறந்துபோயிற்று. கொள்ளிடம், பிறகு காவிரி என்று இரண்டு பாலங்களைக் கடந்து, மலைக்கோட்டை கண்ணில் பட்ட சிறிது நேரத்தில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்.

ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை நான். பொறியியல் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் நான்கு வருடம் இருந்த ஜெனிட்டா முந்தின வாரம் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். தென்னூரில் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு சிறு நிதி நிறுவனத்தில் தவணை வசூலிக்கும் வேலை பார்த்தவள், இரண்டு மாதத்துக்கு முன்பு அதை விட்டுவிட்டாள். சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களை நிறுவனம் திருப்பித் தரவில்லை. ஒப்பந்தக் காலமான இரண்டு வருடம் முடியும் முன் விட்டதால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னது. அடுத்த புதன்கிழமை சென்னையில் அவளுக்கு குரூப் ஃபோர் அரசு வேலைக்கான கவுன்சிலிங். அசல் இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

"தனியா போனா அழுதுடுவேன்டி. நீ பேசவே வேணாம். சும்மா பக்கத்துல நில்லு" என்றாள்.

நிற்பதற்கு எனக்கு நேரம் நிறைய இருந்தது. பெங்களூரில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் குழுவையே ஒரு வீடியோ அழைப்பில் சேர்த்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது முதல் தருமபுரியில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன்.

சத்திரத்தில் ஜெனிட்டா காத்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், சிரிப்பு இளைக்கவில்லை. திருவெறும்பூர் நகரப் பேருந்தில் ஏறினோம். நான் பணப்பையைத் திறப்பதைப் பார்த்த கண்டக்டர், "லேடீஸ்க்குக் காசு இல்லீங்க. சீட்டு மட்டும் வாங்கிக்கங்க" என்று இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார்.

"திருச்சியில எனக்கு இன்னமும் ஃப்ரீயா கிடைக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள் ஜெனிட்டா.

காந்தி மார்க்கெட், அரியமங்கலம், காட்டூர் என்று ஊர்ந்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. திருவெறும்பூரில் அவர்கள் வீடு, அங்குள்ள பெரிய தொழிற்சாலையின் ஊழியர்கள் சேர்ந்து மனை வாங்கிக் கட்டிய தெரு ஒன்றில் இருக்கிறது. முன்னறையில் வேளாங்கண்ணி மாதா படம், அதைச் சுற்றிச் சீரியல் பல்பு. அப்பா ஞானப்பிரகாசம் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். அம்மா போன வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் சமையல் இப்போது அப்பாவின் கையில்.

"எந்த கம்பெனிம்மா நீ?" என்று சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி கேட்டார்.

"இப்ப வீட்லதான்ப்பா இருக்கேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப இன்னும் ரெண்டு மீன் வச்சுக்க. ஆபீஸ் போறவங்கதான் அவசரமா சாப்பிடணும்" என்று ஜிலேபிக் கெண்டையை அள்ளி வைத்தார். ஆறு மாதமாக நான் அப்படிச் சொன்னபோதெல்லாம் கிடைத்த பதில்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அவருக்குச் சான்றிதழ் விஷயம் பாதிதான் தெரியும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். முழுவதும் தெரிந்தால் தொழிற்சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தென்னூருக்கே போய்விடுவார் என்று பயம் அவளுக்கு. "இல்லன்னா கெஞ்சுவாரு. அதைத்தான் என்னால பாக்க முடியாது" என்றாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். தவணை கிடைக்கும் வரை கடன் வாங்கியவர் வீட்டை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே விதியாம். சமயபுரத்தில் கோயில் வாசலில் தேங்காய், மஞ்சள், வேப்பிலை விற்கும் ஒரு பெண்ணின் வீட்டில் ஒருநாள் மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

"வெயில்ல வந்திருக்கியேன்னு மோர் கொடுத்தாங்கடி. குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சதும் 'அக்கா, டியூ'ன்னேன். அப்ப எனக்கு ஒரு போன் வந்துச்சு. பேங்க்ல இருந்து. என்னோட எஜுகேஷன் லோனுக்கு. அந்தப் பையன் பேசுறான், நான் இவங்ககிட்ட பேசுற அதே வார்த்தை. அதே 'புரிஞ்சுக்கங்க மேடம்'. அந்த அக்கா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. போனை வச்சதும், 'உனக்குமா பாப்பா?'ன்னு கேட்டாங்க."

மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "அதுக்கப்புறம் ஒரு மாசம் போனேன். முடியல."

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் சத்திரத்தில் இறங்கி, எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசித் தென்னூர் போனோம். அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கிளை மேலாளர் கார்த்திக்கை நான் நாற்பது வயதுக்காரராக நினைத்திருந்தேன். பார்த்தால் எங்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். மடித்துவிட்ட சட்டைக் கை, மேசையில் பாதி குடித்து ஆறிப்போன டீ.

"வாங்க ஜெனிட்டா, உக்காருங்க" என்றவர், அவள் பேசத் தொடங்கும் முன்பே தொடர்ந்தார். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுது. ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். நானா எதுவும் பண்ண முடியாது. சாயங்காலமா வாங்க."

"சார், புதன்கிழமை..."

"சாயங்காலம் வாங்க."

படியிறங்கும்போது அவள் அழவில்லை. "ஸ்ரீரங்கம் போலாமா?" என்றாள். சாயங்காலம் வரை அந்த மருந்துக் கடை வாசலில் நிற்க எங்கள் இருவருக்கும் தெம்பில்லை.

சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பேருந்து. ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. காவிரிப் பாலத்தில் வண்டி நின்று நின்று போனதால் ஆற்றை நிதானமாகப் பார்க்க முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காதபடி இரையும் அதே ஆறு, இங்கே அரவமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அம்மா மண்டபத்தில் இறங்கினோம். படித்துறையில் நீராடுபவர்கள், திதி கொடுப்பவர்கள், காலை மட்டும் நனைக்க வந்த எங்களைப் போன்றவர்கள். வெளியே சாலையோரம் வரிசையாகப் பூக்கடைகள். அவற்றில் ஒன்றில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று மடியிலிருந்த சுருக்குப் பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மறுபடி நீயா பாப்பா? டியூ வெள்ளிக்கிழமைதானே, இன்னிக்கு ஏன் வந்த?"

ஜெனிட்டாவின் முகம் சுருங்கியது. "டியூவுக்கு வரல, செல்வி அக்கா. நான் வேலைய விட்டுட்டேன்."

செல்வி பூவைக் கீழே வைத்தாள். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "வேற வேலை பாத்துட்டு விட்டியா, சும்மா விட்டியா?"

"சும்மாதான்."

"படிச்ச புள்ள பண்ற வேலையா இது? உனக்குப் பதிலா இப்ப ஒருத்தன் வரான். செருப்பக்கூடக் கழட்டாம உள்ள வரான். நீயாவது 'அக்கா'ன்னு கூப்பிட்டுக் கேப்ப."

தான் விலகியதால் யாருக்காவது பாரம் குறைந்திருக்கும் என்று ஜெனிட்டா நினைத்திருந்தாள் போலும். கட்டி வைத்த சரத்தை எடுத்து அளந்த செல்வி, "திரும்பு" என்றாள். ஜெனிட்டாவின் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டு, என்னையும் திரும்பச் சொன்னாள். பையைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். "அவ என்கிட்ட எத்தன தடவ கை நீட்டி வாங்கியிருக்கா. இன்னிக்கு நான் குடுக்கறேன், பேசாம இரு."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஜெனிட்டாவின் சிரிப்பு மட்டும் பாதியில் உடைந்து அழுகையானது. செல்வி அவளைத் தேற்றவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பூ கட்டத் தொடங்கினாள்.

அங்கிருந்து ராஜகோபுரம் வரை நடந்தோம். கோபுரத்தடியில் கழுத்தை வளைத்து அண்ணாந்து நின்ற எங்களிடம், தரிசனம் முடித்து வந்த ஒரு மாமி, "பெருமாள் சேவை ஆச்சா? கூட்டம் இல்லே, சட்டுனு போய் சேவிச்சுட்டு வந்துடுங்கோ" என்றார்.

"நான் கிறிஸ்டியன் மாமி" என்றாள் ஜெனிட்டா.

"அதனால என்ன? கோபுரத்தை யாரு வேணா சேவிக்கலாம். நன்னா நின்னு சேவிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெனிட்டா உண்மையிலேயே நன்றாக நின்றாள். கண்ணை மூடி என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளை வெளியே விட்டுவிட்டு மூலவரைப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. தெற்கு உத்தர வீதி வரை மட்டும் போய், ஒரு சின்ன ஹோட்டலில் எழுபது ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டுத் திரும்பினோம்.

நான்கு மணிக்குத் தென்னூர். கார்த்திக் எங்கள் எதிரிலேயே தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். "ஆமா சார்... இல்ல சார்... ஓகே சார்" என்று மூன்றே சொற்களில் அந்தப் பேச்சு முடிந்தது.

"பணம் கட்டாம தர முடியாதுங்கறாங்க."

பேச வேண்டாம் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்திருந்தாள். ஆனால் அவள் கை நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. "அவ பத்தாவதுல வாங்கின மார்க்கை வச்சுக்கிட்டு நீங்க என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. பக்கத்து மேசையிலிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

கார்த்திக்குக்குக் கோபம் வரவில்லை. "புதன்கிழமை என்ன?" என்று ஜெனிட்டாவைக் கேட்டார்.

"கவுன்சிலிங் சார். குரூப் ஃபோர்."

"எந்த எக்ஸாம்? போன தடவை நடந்ததா?"

"ஆமா சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நானும் எழுதினேன். மலைக்கோட்டை பக்கம் ஒரு ஸ்கூல்ல சென்டர். எம்.எஸ்ஸி. முடிச்சதுல இருந்து நாலாவது தடவை. ஒரு கேள்வியோ ரெண்டு கேள்வியோ, அவ்வளவுதான் போச்சு." பிறகு, "ரேங்க் என்ன?" என்றார்.

ஜெனிட்டா தயங்கித் தயங்கிச் சொன்னாள், எதையோ திருடியவள்போல.

"கிடைச்சிரும்" என்றார் அவர். எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்து, உறைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, அவள் பெயர் எழுதியதை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். "எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு, வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடுங்க."

"சார், ஹெட் ஆபீஸ்ல கேட்டா?"

"கேப்பாங்க. பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெனிட்டா கேட்டாள்: "நீங்களும் விட்டுடலாம்ல சார்?"

அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். "என்னோடது இந்த பீரோல இல்லீங்க. மேனேஜர்ங்களோடது ஹெட் ஆபீஸ்ல இருக்கு. கிளம்புங்க, மனசு மாறிடப் போகுது."

கீழே வந்து மருந்துக் கடை வாசலில் நின்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தோம். பட்டச் சான்றிதழின் ஓரம் மடங்கியிருந்தது. அதைத் தன் துப்பட்டாவில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினாள், காய்ச்சல்காரக் குழந்தைக்கு நெற்றி துடைப்பதுபோல.

வீட்டில் அப்பாவிடம், "கேட்டதும் குடுத்துட்டாங்கப்பா" என்றாள். "குடுக்காம? நம்ம சர்ட்டிபிகேட் அவனுக்கு எதுக்கு?" என்றார் அவர். நான் கேட்ட அதே கேள்வி. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம்.

மறுநாள் காலை சத்திரத்தில் நாமக்கல் வண்டி ஏறினேன். ஜெனிட்டாவின் அப்பா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் மடியில் சூடாக இருந்தது. சன்னலுக்கு வெளியே நின்ற ஜெனிட்டா, "உனக்கு நான் எதுவுமே பண்ணலையேடி" என்றாள். யோசித்துப் பார்த்தேன். தருமபுரியில் உறவுக்காரர்கள் யாராவது வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். என்ன செய்கிறாய் என்ற கேள்விக்கு அவ்வளவு பயம். திருச்சியில் இரண்டு நாளாக யார் முன்னாலும் அப்படி ஒளியவில்லை. ஓர் அலுவலகத்தில் குரலைக்கூட உயர்த்தியிருக்கிறேன். அதை அவளுக்குச் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. நாமக்கல் போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும், மலைக்கோட்டை ஏறினாயா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். பெருமாளைப் பார்த்தாயா என்றாள். அதுவும் இல்லை. பிறகு எதற்கு அவ்வளவு தூரம் போனாய் என்று திட்டினாள்.

ஜெனிட்டாவுக்கு அரியலூர் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. கல்விக் கடன் தீர இன்னும் சில வருடம் ஆகும். வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் இப்போது எடுத்துப் பேசுகிறாள். பேசுகிறவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாளாம். எனக்கு இன்னும் வேலை அமையவில்லை. ஆனால் மறுபடி விண்ணப்பிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

முதல் சம்பளம் வந்த அன்று அவள் தென்னூர் கிளைக்கு அழைத்துக் கார்த்திக்கைக் கேட்டிருக்கிறாள். வேறு யாரோ எடுத்து, "அவர் இப்ப இங்க இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவராக விட்டாரா, அனுப்பிவிட்டார்களா என்று அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஜெனிட்டா என்னைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அவர் நல்லாத்தான் இருப்பாருடி" என்றாள் கடைசியில்.

"எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள். "இருக்கணும்."