குதைபியா மொட்டை மாடியில் கணுக்கால் தண்ணீர்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில் இருந்தேன். எதிர் வீட்டில் பாய். கடற்கரை ஊர்க்காரர், கீழே துணிக்கடை வைத்திருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மனைவி முதல்முறையாக விசிட் விசாவில் வருகிறார். பிடித்தால் தங்குவார், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடுவார். "இங்க மழையே பெய்யாது" என்று பாய் போனில் சொல்லி வைத்திருந்தார். அவர் வரப் பத்து நாள் இருக்கும்போது மழை கொட்டியது. பாயின் கட்டிலுக்கு நட்டநடுவில் கூரை சொட்டியது.

"அண்ணே, கட்டிலை நகத்தட்டுமா, கூரையை நகத்தட்டுமா?"

நான் ஒரு குடியிருப்பு நிறுவனத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளன். கூரை ஒழுக்குக்கு அலுவலகத்தில் நடைமுறை எழுதியவனே நான்தான். அதைப் படித்தவனும் நான் மட்டும்தான். வீட்டுக்காரரின் ஆள் தினமும் "நாளைக்கு" என்றதால் நாங்களே மாடி ஏறினோம்.

"சொட்டுற இடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்காது, பாய். தண்ணி உள்ளுக்குள்ள நடந்து வரும்."

"நடந்து வருதா? விசா இல்லாமலா?"

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய்கள் தளத்தைத் துளைத்து வரும் இடங்கள், மழைநீர் இறங்கும் வாய். ஒன்று விடாமல் பழைய தார் ஷீட்டைச் சுரண்டி, காயவைத்து, பிரைமர் பூசி, கேஸ் டார்ச்சால் புது ஷீட்டை ஒட்டினோம். பிறகு சோதனை. நீர் இறங்கும் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும்.

அரை மணியில் கீழே கட்டில்மேல் மறுபடி சொட்டியது.

குளத்தின் நடுவில் என் டிஷ் ஆண்டெனா நின்றது. தமிழ்ச் சேனலுக்காகப் போன வருடம் நானே டிரில் பிடித்துத் தளத்தில் நான்கு ஓட்டை போட்டு முடுக்கியது. மூலை மூலையாகத் தடவிப் பார்த்த நான் அதை மட்டும் சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறேன்.

"நீங்க போட்ட ஓட்டையாண்ணே?"

"நடைமுறைப்படி போட்ட ஓட்டை."

பாய் சிரித்துச் சிரித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

டிஷ்ஷைக் கழற்றி ஒரு கான்கிரீட் கட்டையின் மேல் ஏற்றினோம். ஓட்டைகளை அடைத்து, ஷீட் ஒட்டி, மறுபடி தண்ணீர் கட்டியபோது பாயின் மனைவி வருவதற்கு ஒரே நாள்தான் இருந்தது. மறுநாள் மதியம், சோதனை முடிய நான்கு மணி நேரம் பாக்கி இருக்கையில், பாய் விமான நிலையத்திலிருந்து மனைவியை அழைத்து வந்தார். காரிலேயே எல்லாவற்றையும் உளறியிருந்தார். அந்த அம்மா நேராக மாடிக்கு வந்து, பேண்ட்டை முழங்கால்வரை மடித்து நின்ற என்னைப் பார்த்தார்.

"இவுகதானா ஓட்டை போட்டவுக?"

"இவுகதான்" என்றார் பாய், பெருமையாக.

"மச்சான், ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் நான் ஊருக்குப் போயிருவேன், ஆமா." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் இறங்கினார்.

நான்கு மணிக்கு மூன்று பேரும் படுக்கையறையில் அண்ணாந்து நின்றோம். அந்த அம்மா கட்டில்மேல் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்தார்.

"காஞ்சுதான் இருக்கு."

பாய் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மாடிக்கு ஓடினோம். துணிப்பந்தை அந்த அம்மாவே பிடுங்கினார். தண்ணீர் குழாய்க்குள் இரைந்து இறங்கிச் சந்தில் கொட்ட, கீழே யாரோ இந்தியில் கத்தினார்கள். அந்த அம்மா கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்து தெருவைப் பார்த்தார்.

"இங்க மீன் எங்க விக்கிறாங்க? நாளைலேர்ந்து நானே பாத்து வாங்குறேன். மச்சானுக்கு மீன் பாக்கத் தெரியாது."