வெந்துபோனதாக நான் சொன்ன டிஸ்க்

என் மனைவியின் தம்பியை அடித்து, அவனுடைய இடது காதைச் செவிடாக்கியவன் நான்.

இது மலை மேல் இருக்கும் எங்கள் ஆனைக்கரையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையைச் சொல்ல உங்கள் முன்னால் வந்து நிற்கவில்லை. தெரியாதது ஒன்று இருக்கிறது... எந்தக் குற்றத்துக்காக அவனை அடித்தேனோ, அந்தக் குற்றத்தைச் செய்தவன் அவனல்ல. நான்.

உடனே வெறுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முழுவதும் கேட்டபின் வெறுப்பதற்கு இன்னும் வசதியாக இருக்கும்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். வீட்டின் முன்னறைதான் கடை. ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய்க் கட்டிய லயத்து வீடொன்றில் பிறந்து, இங்கே வந்து கடை போட்டு, 'செத்த மெஷினையும் எழுப்பிவிடுவான்' என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தேன். கூடவே முன்கோபத்தையும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். நானும் அதை நம்பினேன். எவ்வளவு சௌகரியமான பழமொழி!

மனைவி பெயர் செல்வராணி. அவளுடைய ஒரே தம்பி அய்யாதுரை. எங்களோடுதான் இருந்தான். பக்கத்துத் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு எரிப்பது அவன் வேலை. ஸ்டோர் என்றால் கடை என்று நினைக்காதீர்கள். பறித்த பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே விறகு எரித்து உலர்த்துகிற சூட்டறை அது. ஆடி மாத மழையில் எங்கள் மலையில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். ஆகையால் நனைந்தது எதுவானாலும் ஸ்டோருக்குத்தான் போகும். பள்ளிக்கூடத்துச் சீருடை, செருப்பு, தலையணை... ஒரு முறை ஒருவரின் ரேஷன் கார்டே அங்கே காய்ந்து வந்தது.

அக்காவும் தம்பியும் தாயை இழந்து அப்போது இரண்டு வருடம். அந்தத் தாயின் குரல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வீடியோவில். நான்கு நிமிடம். அய்யாதுரை தன் போனில் எடுத்தது. அந்தப் போன் பிறகு ஓடையில் விழுந்து போயிற்று. வீடியோ எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றிவிட்டு இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். வருகிறவர்களிடமெல்லாம் 'இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள்' என்று படித்துப் படித்துச் சொல்கிற நான், என் வீட்டில் எடுத்து வைக்கவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

அன்று திங்கட்கிழமை. நான் கம்பம்மெட்டில், ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையில் பிரிண்டரோடு போராடிக்கொண்டிருந்தேன். சுமை தூக்குகிறவர்கள் எதிரிலேயே அந்த வியாபாரி, "இதச் சரியாக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்று கேட்டுவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் செல்வராணி போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, நம்ம கம்ப்யூட்டர் ஆனாகல. கறுப்பா நிக்குது. மேல ஒரு வெள்ளக் கோடு மட்டும் மினுங்குது. அம்மா வீடியோ போயிருமோ?"

"ஈரம் புடிச்சிருக்கும். நான் வந்து பாக்கேன்" என்று சொல்லித் துண்டித்தேன்.

ஈரம். என் வாயிலிருந்து வந்த சொல் அது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மேசை மேல் திரை இருந்தது, கம்ப்யூட்டர் பெட்டி இல்லை. "தம்பி ஸ்டோருக்குக் கொண்டு போயிருக்கான், காயப்போட" என்றாள் செல்வராணி. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

அந்தச் சூட்டில், வீடியோ இருக்கிற டிஸ்க் வெந்துபோகுமே! மழையில் குடைகூட எடுக்காமல் ஓடினேன். ஸ்டோருக்குள் ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவில், சுத்தமான சாக்கு விரித்து, அதன் மேல் பெட்டியை உட்கார வைத்திருந்தான். அதன் பக்கத்தில் அவன் குந்தியிருந்தான்.

"சூடு கொறச்சுத்தான் வச்சிருக்கேன் அத்தான்..." என்று சிரித்துக்கொண்டே எழுந்தான்.

முதல் அடி அந்தச் சிரிப்பின் மேல் விழுந்தது. உதடு கிழிந்து பல்லில் ரத்தம் தெரிந்தது. அவன் தட்டுகள் மேல் சரிந்தான். பாதி காய்ந்த காய்கள் தரையெங்கும் சிதறின. வயிற்றில் உதைத்தேன். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அவன் என்னைவிடப் பலசாலி. மரத்தடியைத் தோளில் சுமக்கிறவன். ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான் அடுப்பில் விழுந்திருப்பேன். ஆனால் அவன் கையைத் தூக்கவே இல்லை. அக்காள் புருஷன் அல்லவா!

அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஈரம்னு நீங்கதான அத்தான் சொன்னீங்க..."

அந்த வாக்கியத்தைத் தாங்க என்னால் முடியவில்லை. உண்மையாக இருந்ததால்தான் முடியவில்லை. விரித்த கையை ஓங்கி, என் முழுப் பலத்தோடு, அவன் இடது காதில் அறைந்தேன். ஒரு முறை அல்ல. இரண்டாவது அறையில் அவன் கண்கள் எங்கேயோ போய்த் திரும்பின. மூன்றாவது அறை... அது எதற்கு? அவன் அப்போதே சாய்ந்துகொண்டிருந்தானே. நான்கு வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது எதற்கு?

பின்னாலேயே வந்த செல்வராணி அலறினாள். அவன் காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கிற்று. ஒரு ஜீப்பைப் பிடித்து, அவனை ஏற்றி, மலையிறங்கிக் கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். என்னை ஏறச் சொல்லவில்லை. நானும் ஏறவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆம். அவன் ரத்தம் சிந்தப் போகிறான், நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். இப்படி ஒருவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பெட்டி இளஞ்சூடாக இருந்தது. உள்ளேயெல்லாம் ஏலக்காய் வாசம். மின்சாரம் கொடுத்தேன். கறுப்புத் திரை. மேல் மூலையில் வெள்ளைக் கோடு மினுங்கிற்று. மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். அதே கோடு. உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றினேன். அதே கோடு. டிஸ்க்குக்குப் போகும் ஒயரை மாற்றினேன். விரல் முட்டிகளில் அவன் பல் பட்ட காயம்.

பவர் ஒயரைப் பிடுங்கப் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டபோது, விரலில் ஏதோ நெருடியது.

பென்டிரைவ். நகத்தளவுதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டு ஏற்றுவதற்காக நான் சொருகி வைத்தது. எடுக்க மறந்துபோனது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கம்ப்யூட்டர் கண் விழித்ததும், தன் விண்டோஸை முதலில் எங்கே தேடுவது என்று அதற்கொரு வரிசை சொல்லி வைத்திருப்போம். என் வேலைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, முதலில் பென்டிரைவில் தேடும்படி நான் வைத்திருந்தேன். அன்று காலையில் அது அங்கே போய்த் தேடியது. அங்கே இருந்தது வெறும் பாட்டு. அது அங்கேயே நின்றுவிட்டது. ஈரமும் இல்லை. சூடும் இல்லை. ஒரு கெடுதலும் இல்லை. மெஷின் எழவில்லையா, வெளியே சொருகியிருப்பதையெல்லாம் முதலில் பிடுங்கிப் பார். இந்தத் தொழிலில் முதல் நாள் முதல் பாடம் அது. எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்...

பிடுங்கினேன். மெஷின் எழுந்துகொண்டது.

விண்டோஸின் அந்தச் சின்னச் சங்கீதம் கேட்டது. திரையில் மாமியாரின் படம் வந்தது. முதுகில் கூடையோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றார். நான் வீடியோவைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்காதீர்கள்.

"எதுக்குலே என்னயப் படம் புடிக்க? நான் என்ன சினிமாக்காரியா? அய்யாத்தொர, போய் அக்காவுக்குத் தண்ணி எடுத்துக் குடுலே" என்று சொல்லி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்டவன் நான்.

வீடியோ முடிவதற்குள் போன் அடித்தது. செல்வராணி அழுது முடித்த குரலில் பேசினாள். "காது ஜவ்வு கிழிஞ்சிருச்சாம். உள்ள எலும்பும் ஒடஞ்சிருக்காம். இனி அந்தக் காது கேக்காதுன்னு சொல்லுதாங்க. ஸ்டோர்ல வழுக்கி விழுந்துட்டேன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டான் அவன். உங்களக் காட்டிக் குடுக்கல." பிறகு கேட்டாள். "கம்ப்யூட்டர் என்னாச்சு?"

என் எதிரில் அவள் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க் போச்சு. சூட்டுல வெந்துருச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வாய் தானாகச் சொல்லிற்று. ஆனால் அடுத்துச் செய்ததை யோசித்தே செய்தேன். ஒருவனின் காது போய்விட்டது. அதற்கு ஈடாக ஏதாவது உண்மையிலேயே போயிருக்க வேண்டும் அல்லவா? மெஷின் நன்றாக இருக்கிறது என்றால் என் கை எதற்கு ஓங்கிற்று? டிஸ்க்கை ஒளித்து வைத்தால் போதாது. செல்வராணி விடமாட்டாள், எர்ணாகுளத்துக்கே எடுத்துப் போய்க் காட்டுவாள்.

மெஷினை அணைத்தேன். டிஸ்க்கைக் கழற்றினேன். அதன் மூடியைத் திறந்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, அதில் என் முகம் தெரிந்தது. ஸ்குரூ டிரைவரை அதன் மேல் வைத்து அழுத்திக் கீறினேன். கிறீச்சென்ற சத்தம்... மறுபடி கீறினேன். சுத்தியலின் பின்புறத்தால் நெம்பினேன். குத்தினேன். வெறி அடங்கும்வரை குத்தினேன். ஸ்டோரில் தொடங்கிய அடியை நான் அந்த மேசையில்தான் முடித்தேன். பிறகு மூடியைப் போட்டுத் திருகி, அடுப்பின் மேல் கொஞ்சம் கருகவும் விட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த நேரமெல்லாம் பென்டிரைவ் என் சட்டைப்பையில் இருந்தது. நான்கு நிமிட வீடியோ. அதில் ஏற்றி எங்கேயாவது மறைத்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தோன்றாமல் இல்லை. தோன்றிற்று. வேண்டாம் என்று தள்ளினேன். வீடியோ உயிரோடு இருந்தால் என்றைக்காவது அது என்னைக் காட்டிக் கொடுக்கும் என்று பயந்தேன்.

மறுநாள் அவர்கள் திரும்பி வந்தார்கள். கருகிய டிஸ்க்கைச் செல்வராணி கையில் வாங்கினாள். காதில் கட்டோடு வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் அவன் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்.

"அம்மாவ ரெண்டாந்தடவையும் எரிச்சிட்டியேடா" என்றாள்.

அதற்கு மேல் அவனோடு அவள் பேசவில்லை. அன்றோடு சரி. அவன் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் வந்தான். "தெரியாம செஞ்சுட்டேன் அத்தான். நீங்க அடிச்சது சாரமில்ல" என்றான். பரவாயில்லை என்பதற்கு, மலையாளத்திலிருந்து எடுத்து நாங்கள் சொல்கிற சொல். சாரமில்லையாம்... அவனுக்கு! துணிகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு ஏலப்பாறைக்குப் போய்விட்டான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அந்த இயந்திரச் சத்தத்தில் மற்றக் காதும் மங்கி வருவதாகக் கேள்வி.

நான் இன்னும் பழுது பார்க்கிறேன். எழாத மெஷின்கள் வருகின்றன. முதல் வேலையாகப் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். சில சமயம் பென்டிரைவ் இருக்கும். பிடுங்கிக் கையில் கொடுத்தால் அவர்கள் சிரிக்கிறார்கள், "இதுக்குத்தானா?" என்று. நானும் சிரிக்கிறேன்.

போன மாதம் ஏலப்பாறைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவனோடு லயத்து வாசலில் நின்றேன். அவனுக்கு இடது பக்கமாக நின்றேன். தற்செயலா? இல்லை. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். பென்டிரைவ், வீடியோ, ஸ்குரூ டிரைவர், மூன்றாவது அறை. மெல்லிய குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவன் எதிரே மலையில் இறங்குகிற மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மூச்சு பட்டிருக்க வேண்டும். திரும்பினான்.

"என்னமோ சொன்னீங்களா அத்தான்? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, இதுல கொஞ்சம் கேக்கும்" என்று, தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினான்.

நான் அந்தப் பக்கம் போனேன். அவன் காத்திருந்தான்.

"மழ வரும்போல இருக்கு மாப்ள" என்றேன்.

"ஆமா அத்தான். உள்ள வாங்க, ஈரம் ஒங்களுக்கு ஆகாது" என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனான். எந்தக் கை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தேன். எங்கே போனேன் என்று செல்வராணி கேட்கவில்லை. ஏலப்பாறைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். சோறு போட்டாள். எங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றாள். சரி என்றேன்.

"வாங்கினா அவன் கையில மட்டும் படக் கூடாது. அவன் இந்த வாசப்படியே மிதிக்கக் கூடாது" என்றாள்.

அதே பென்டிரைவ் அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"சரி" என்றேன்.