கோடு சரியில்லையாம்

டைமண்ட் ஒழுங்காக வரையத் தெரியாதவளுக்குப் புரோகிராம் எழுத வராது என்று எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் அடித்துச் சொல்லுவார். அவர் சொன்ன டைமண்ட் நகைக்கடையில் விற்பதல்ல. ஃப்ளோசார்ட்டில் கேள்வி கேட்கிற இடத்தில் போடும் பெட்டி. தொடங்கவும் முடிக்கவும் முட்டை வடிவம், எண்ணை உள்ளே வாங்கச் சாய்ந்த பெட்டி, கணக்குப் போட நேர்ப்பெட்டி, ஆமா இல்லையா என்று கேட்க டைமண்ட். எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் வரைய வேண்டும். கோடு கோணினால் அந்தப் பக்கத்தையே கிழித்துக் கையில் கொடுப்பார். பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படித்து நான் பார்த்ததே இல்லை. முப்பது வயதில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நான் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

நான் பொன்முடியில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். மலையிலிருந்து இறங்கி நகரத்துக்கு வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் எட்டு வருஷம் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன், காலை பத்திலிருந்து இரவு எட்டரை வரை. விற்கிற பெண்களும் உட்காரலாம் என்று சட்டம் வந்த பிறகு, கடைக்காரர் பிரிவுக்கு இரண்டு முக்காலி வாங்கிப் போட்டார். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார், பாருங்கள், அதற்கு நிற்பதே மேல். முக்காலியில் நாங்கள் சேலை அடுக்கினோம்.

என்னோடு அதே பிரிவில் நின்றவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். என்னைவிட நாலு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மணக்காட்டில் ஒரே அறையில் குடியிருந்தோம். அவளுக்கு இடது காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். வேலை முடிந்து வந்தால் காலைச் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் படுப்பாள். "ஏட்டி, உக்காந்து செய்யுத வேலை ஒண்ணு கிடைச்சா, சம்பளம் கொறச்சலா இருந்தாலும் போயிரணும் கேட்டியா" என்பாள். கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கலாம் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். கடை திறக்கும் முன், காலை ஏழரைக்கு வகுப்பு. ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி. எனக்கும் சேர்த்து விண்ணப்பம் வாங்கி வந்து, "நீயும் வா, தனியாப் போனா எனக்கு ஒறக்கம் வந்துரும்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் முடிகிற நேரத்தில், கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆள் தேவை என்று அக்காதான் கேள்விப்பட்டு வந்தாள். வருகிறவர்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்து டோக்கன் கொடுக்கிற வேலை. சுழல் நாற்காலி, மேலே ஃபேன். இருவரும் போய் நின்றோம். டாக்டரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். டிப்ளமோ பாஸான சர்ட்டிபிகேட் இருந்தால் ஒருத்தியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு பேரும் பாஸானால் என்று அக்கா கேட்டாள். "நிங்ஙளல்லே ஆத்யம் வந்து கேட்டது, அப்போ நிங்ஙள்க்கு" என்று மலையாளத்தில் சொல்லி அக்காவைக் காட்டினார். முதலில் கேட்டவள் அவள், ஆகவே வேலை அவளுக்கு. நியாயம்தான். திரும்பி வரும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உனக்கும் ஒண்ணு பாத்துருவோம்ட்டி" என்றாள். நான் சிரித்தேன். அவள் ஃபெயிலானால்தான் எனக்கு நாற்காலி என்ற கணக்கை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பிராக்டிக்கல் பரீட்சைக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒரு சார் வருவார். மேஜையில் மடித்த சீட்டுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து, அதில் இருக்கிற கேள்விக்கு முதலில் தாளில் வழிமுறையைப் படிப்படியாக எழுதி, ஃப்ளோசார்ட் வரைந்து, அவரிடம் காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாம். இரண்டு தடவை காட்டலாம். இரண்டாவது தடவையும் தப்பென்றால் பையை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான், ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம்.

பன்னிரண்டு பேர், நாலே நாலு கேள்வி. எனக்கு வந்தது நாலாவது. ஐஸ்கிரீம் வைக்கிற குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைப் பத்துத் தடவை அளந்திருக்கிறார்கள், அதில் மிக அதிகமானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முன் வரிசையில் அக்கா. அவள் தாளின் மேலேயும் நாலு என்று எழுதியிருந்தது. திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள். ஏனென்றால் இது எங்களுக்கு மனப்பாடம். ரெக்கார்டு நோட்டில் இதே மாதிரி ஒன்று இருந்தது, பத்து மாணவர்களின் மார்க்கில் பெரியது எது என்று. அந்த நோட்டை அக்கா போன வருஷத்துப் பெண்ணிடமிருந்து வாங்கி எழுதினாள். அந்தப் பெண் அதற்கு முந்தைய வருஷத்தவளிடமிருந்து. அக்காவுடையதைப் பார்த்து நான். சுத்த ஈயடிச்சான் காப்பி. அத்தனை நோட்டிலும் மிஸ் சிவப்பு மையில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அக்கா மளமளவென்று வரைந்து முதல் ஆளாகப் போனாள். சார் தாளை அரை நிமிஷம் பார்த்தார். "தெற்றாணு. போயி நோக்கிக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். தப்பு, போய்ப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டாராம். அக்கா வெளிறிப்போய் வந்து உட்கார்ந்தாள். என் தாளிலும் அதேதான் இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியாமல், ஒருவேளை என் கையெழுத்து நன்றாக இருப்பதால் விட்டுவிடுவாரோ என்ற நப்பாசையில் நானும் போனேன். மேலே கூடப் பார்க்காமல் அதே சொல்லைச் சொன்னார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாகியிருந்தது. ஏசி காற்று நேரே கழுத்தில் அடித்தது. மூன்று வருஷமாகக் கைமாறி வந்த படம், மிஸ் டிக் அடித்த படம், அதில் எங்கே தப்பு? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பெட்டி பெட்டியாக விரல் வைத்துக்கொண்டே போனேன். 'பெரியது' என்று ஒரு இடம் வைத்துக்கொள், அதில் முதலில் பூஜ்யம் போடு. ஒரு எண்ணை வாங்கு. அது 'பெரியது' என்பதைவிட அதிகமா? ஆமா என்றால் அதைப் 'பெரியது' ஆக்கு. இல்லை என்றால் விட்டுவிடு. பத்தும் முடிந்ததும் 'பெரியது' என்ன என்று அச்சிடு. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது!

சரி, நிஜமான எண்ணைப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. ஐஸ்கிரீம் பெட்டிக்கு என்ன எண் வரும்? கீழே பேக்கரியில் தினமும் டீ குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி நிற்கிறது. சிவப்பு எழுத்தில் மைனஸ் பதினெட்டு என்று காட்டிக்கொண்டே இருக்கும். மைனஸ் பதினெட்டைப் போட்டேன். பூஜ்யத்தைவிட அதிகமா? இல்லை. மைனஸ் பதினாறு? இல்லை. மைனஸ் இருபது? இல்லவே இல்லை. பத்தும் முடிந்தபோது 'பெரியது' என்ற இடத்தில் நாங்கள் போட்ட பூஜ்யம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அளக்காத ஒரு எண்ணை விடை என்று சொல்கிறது எங்கள் படம். மார்க் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதனால் மூன்று வருஷமாக எவளும் கண்டுபிடிக்கவில்லை. அட கடவுளே, ஒரே ஒரு பெட்டி! பூஜ்யத்தை அடித்துவிட்டு, முதலில் வருகிற எண்ணையே 'பெரியது' என்று வைத்துக்கொண்டு, மீதி ஒன்பதை அதோடு ஒப்பிட்டால் போதும்.

மாற்றி எழுதிக்கொண்டு போனேன். இது கடைசித் தடவை. சார் பென்சில் முனையை முதல் பெட்டியில் வைத்தார், அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "ம்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

கம்ப்யூட்டருக்குப் போக அக்காவின் நாற்காலிக்குப் பின்னால்தான் வழி. மிஸ் வாசலில் டீ வாங்கிக்கொண்டிருந்தார். சார் அடுத்தவளின் தாளில் குனிந்திருந்தார். அக்கா தலையைத் திருப்பாமலே கேட்டாள். "ஏட்டி, என்னத்த மாத்துன?"

தெரியாமல் வாய் தவறிவிட்டது, பதற்றத்தில் உளறிவிட்டேன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சுழல் நாற்காலி தெரிந்தது, டாக்டரம்மா அக்காவைக் காட்டிய விரல் தெரிந்தது. முக்காலியில் அடுக்கிய சேலைகள்கூடத் தெரிந்தன.

"கோடு சரியில்லையாம்க்கா" என்றேன். "நீட்டா வரையணுமாம்."

அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? ஒரு வருஷம் முழுக்க எங்களுக்குக் கிழிபட்டதெல்லாம் கோட்டுக்காகத்தானே. வேறு எங்கே படித்தவளாக இருந்தாலும் சிரித்திருப்பாள், எங்கள் மிஸ்ஸிடம் படித்தவள் நம்பத்தான் செய்வாள். நான் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் புதுத் தாள் வாங்கினாள். பென்சிலைச் சீவினாள். ஸ்கேலைத் துப்பட்டாவில் துடைத்தாள். ஒவ்வொரு டைமண்டையும் அளந்து அளந்து, அம்புக்குறி முனையைக்கூட இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரைந்தாள். இடது காலை நீட்டி வைத்திருந்தாள், வலிக்கிறபோது அப்படித்தான் நீட்டுவாள். சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை வாயைத் திறந்தேன். மிஸ் உள்ளே வந்துவிட்டார். வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் புரோகிராம் ஓடியது. பத்து எண் கொடுத்தேன், மைனஸ் பதினைந்து என்று சரியான விடை வந்தது. அதே நேரத்தில் அக்கா எழுந்து போனாள். அவ்வளவு அழகான ஃப்ளோசார்ட்டை அந்தச் சார் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு முதல் பெட்டியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கதவைக் காட்டினார். அக்கா என்னைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். கீழே பேக்கரி வாசலில் எனக்காகக் காத்திருந்து, "நீ பாஸா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் என்னைக் கட்டிக்கொண்டாள். செத்துப்போயிருக்கலாம் போல் இருந்தது. ஆனால் சாகவில்லை, டீ குடித்தேன். அவள்தான் வாங்கித் தந்தாள்.

ஒரு மாதத்தில் சர்ட்டிபிகேட் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அக்கா மறுபடி எழுத வேண்டும், தப்பு எங்கே என்று அறையில் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலைவலி, நாளைக்கு, அப்புறம் என்று தட்டிக்கழித்தேன். ஒரு நாள் மத்தியானம், கடையில் சாப்பாட்டுக்கு விடுகிற அரை மணி நேரத்தில், தாளைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். டோக்கன் வாங்க யாரும் இல்லை. என் மேஜைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தாளை விரித்து, "இங்க வச்சு ஒளிய முடியாதுல்லா. சொல்லுட்டி" என்று சிரித்தாள். மனதிலிருந்து அப்படியே வரைந்து வந்திருந்தாள். ஒரு கோடு கோணவில்லை.

நான் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தேன். மைனஸ் பதினெட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது எண்ணுக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைவிடக் கெட்டிக்காரி அவள், எப்போதும். "அட சவத்த, இவ்வளவுதானா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்பம் தெரிஞ்சுது?"

ரிசல்ட் வந்த பிறகுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கேக்கா. கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடியே."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கோடுன்னு சொல்லுததுக்கு ஆன நேரந்தானே பூஜ்யம்னு சொல்லுததுக்கும் ஆகும்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அவள் மேஜையில் கை ஊன்றி, காலை மெல்ல ஊன்றி எழுந்தாள். மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. இரவு எட்டரை வரை நிற்பதற்காக அவள் கடைக்குத் திரும்பிப் போனாள்.