குளிர்ந்த டியூப்

அமலா எந்த ரத்த டியூப்பையும் மிஷினில் வைப்பதற்கு முன் உள்ளங்கையில் பொத்திப் பார்ப்பாள். சில்லென்று இருந்தால் போச்சு. கேம்ப் வட்டாரத்தில் உள்ள அந்த ஆஸ்பத்திரியின் மூன்று மாடிக்கும் அவள் குரல் கேட்கும். "எத்தனை தபா சொல்றது, பிரிட்ஜுல வைக்காதீங்கன்னு? தக்காளியா அது, வாடிப் போறதுக்கு?"

பதினெட்டு வருஷமாக இந்த லேப் வேலைக்கு ஏரவாடாவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போகிறாள். டாக்டர்கள் பரீட்சை எழுதிய கையோடு மறந்துவிட்டதை அவள் மறக்கவில்லை என்பதுதான் தொல்லை. "நரம்பு கம்முனு கெடக்குதுன்னு நெனைக்கிறீங்க. அது சார்ஜோட கெடக்குது. உள்ள பொட்டாசியம், வெளிய சோடியம். கசியறத ஒரு பம்ப்பு ராப்பகலா திருப்பித் தள்ளிட்டே இருக்கு. ரத்த செல்லுலயும் அதே பம்ப்புதான். குளிர்ல நின்னுடும். பொட்டாசியம் பூரா வெளிய ஒழுகிடும். நீங்க பேஷண்ட்டுக்கு ஜாஸ்தின்னு எழுதுவீங்க." கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றேழு மழைக்காலத்தில் சுப்பையா வந்து சேர்ந்தார். வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர். மூன்று நாள் பேதியில் கால்கள் துவண்டு எழுந்திருக்க முடியவில்லை. இரவு எடுத்த ரத்தத்தைக் காலையில் சோதித்த, அவளோடு லேப்பில் வேலை பார்க்கும் சேஷு, பொட்டாசியம் மிக அதிகம் என்று ரிப்போர்ட்டை வார்டுக்கு அனுப்பியிருந்தார். அமலா வேலைக்கு வந்ததும் டியூப்பைத் தொட்டாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"பிரிட்ஜுல. கெட்டுடக் கூடாதேன்னு நர்ஸ் பத்திரமா வச்சாங்க."

"பத்திரமா கொல்லப் பாக்கறீங்க அந்த ஆள."

பேதியில் பொட்டாசியம் வெளியேறிக் குறைந்துதான் கிடக்கும்; அதை இன்னும் குறைத்தால் இதயம் நின்றுபோகும். அமலா படியில் ஏறி ஓடினாள். வார்டில் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்து சொட்டத் தொடங்கியிருந்தது.

"ரிப்போர்ட்ல ஜாஸ்தின்னு இருக்கேம்மா" என்றார் டாக்டர் பத்மநாபன்.

"அது பிரிட்ஜுல கெடந்த ரத்தம். மூணு நாள் பேதியானவருக்கு எப்படி டாக்டர் ஜாஸ்தியாகும்?"

"வேற ரத்தம் எடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் இது ஓடட்டும். மருந்தை முடிவு பண்றது லேப் இல்ல."

சுப்பையா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அமலா சொட்டுக் குழாயின் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி இறுக மூடினாள். அதை விடாமல் பிடித்துக்கொண்டே, புது ரத்தம் எடுக்கும் ஊசிக்காக மறுகையை நர்ஸ் பக்கம் நீட்டினாள்.