காதோரம் குலுக்கிய பணியாரம்

போன வருடம் பெப்ரவரியில், கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில், நாங்கள் இருக்கும் கவுன்சில் பிளாட்டில் நடந்தது இது. அப்பா மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். இறுதிக்கிரியை முடிந்த மறுநாள் காலை, பக்கத்து பிளாட்டில் தனியாக இருக்கும் வியட்நாம் அன்ரி வந்து கதவைத் தட்டினார். கையில் நீல மூடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே, எள் ஒட்டிப் பொரித்த பொன்னிற உருண்டைப் பணியாரங்கள். சூடு ஆறவில்லை. உன் அப்பாவுக்கு என்று ஆங்கிலத்தில் சொல்லி நீட்டினார்.

எங்கள் வழக்கத்தில், எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும் வரை சாவீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பொரித்தது எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பெரியம்மா வேறு சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். ஆகவே அப்பாவின் காரியத்தில் ஒரு பிழையும் வரக்கூடாது, அது என் பொறுப்பு என்று நினைத்தேன். நன்றி சொல்லி வாங்கினேன். அவர் தன் வீட்டுக்குள் போனதும் கீழே இறங்கி, பெட்டியோடு குப்பைத் தொட்டியில் போட்டேன். தொட்டி நிரம்பியிருந்தது. பெட்டி மேலேயே கிடந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டுச் செலவு என்பது, போனவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். சாமான் லிஸ்ட் எழுத பேனையோடு உட்கார்ந்தேன்.

“அப்பாவுக்கு என்னம்மா விருப்பம்?”

“வைச்சதைச் சாப்பிடுவார். இது வேணும் அது வேணும் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.”

“இருபத்தஞ்சு வருசம் ஒரே மேசையில சாப்பிட்டனீ, உனக்குத் தெரியாதோடா?” என்றார் பெரியம்மா. “பெரிய படிப்புத்தான்!”

எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் படைப்பதையே நாங்களும் படைத்தோம். வடை, மோதகம், கடையில் வாங்கிய ரோல்ஸ்.

படைத்து முடிந்ததும் ஒரு தட்டை அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோனேன். உட்காரச் சொன்னார். தட்டில் இருந்த மோதகத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அப்பா சனிக்கிழமைகளில் கிளீனிங் ஷிப்ட் முடிந்து படியேறி வரும் நேரம், அன்ரி அன்று தந்த அந்த உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருப்பாராம். ஒருநாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பதமாகப் பொரித்தால் உள்ளே இருக்கும் பயற்று உருண்டை தோலை விட்டுக் கழன்று, குலுக்கும்போது சத்தம் கேட்குமாம். அப்பா அதைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துச் சிரித்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்றபடியே ஒன்று. சத்தம் கேட்காமல் வாயில் வைக்க மாட்டாராம்.

தன் மனைவியும் பயறு வைத்து இப்படிச் செய்வார், இப்போது அவருக்குக் கை நோ, அதனால் கேட்பதில்லை என்று அப்பா அவரிடம் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். அம்மா அந்தப் பயற்றம் உருண்டை, சுசியம், செய்வதை நிறுத்தி ஐந்து வருடம் இருக்கும். விரல் மூட்டெல்லாம் வீக்கம். ஏன் நிறுத்தினீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எழும்பும்போது என் கண் அடுக்களைப் பக்கம் போனது. சிங்க் ஓரத்தில், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது அந்த நீல மூடிப் பெட்டி.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “சொறி அன்ரி” என்றேன். அவர் என் தோளைத் தட்டி, கதவு வரை கூட வந்தார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்ர கை நோ எண்டு பாத்தே கேக்காமல் விட்டவர்? கேட்டிருந்தா ரெண்டு செய்து குடுத்திருப்பன்தானே.”

முப்பத்தோராம் நாள் படையலுக்கு அந்த உருண்டைகள் வேண்டும் என்று அன்ரியிடம் நானே போய்க் கேட்டேன். அன்ரி பொரித்துக் கொண்டுவந்தார், அதே பெட்டியில். அப்பாவின் படம் முன்னால் படைத்த பிறகு, அம்மா ஒன்றை எடுத்து, வீங்கிய விரல்களால் காதோரம் வைத்துக் குலுக்கினார். சத்தம் கேட்டதும் அதைத் திரும்பவும் படத்தின் முன்னாலேயே வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு வந்த கடிதம் ஒன்றைக்கூட வாசித்துச் சொல்லாமல் விட்டவனில்லை நான். உங்களுக்கு என்ன சாப்பிட விருப்பம் என்று ஒருநாள் கேட்டிருந்தால், அவருக்காக வந்த சூடான பணியாரத்தை என் கையாலேயே குப்பையில் போட்டிருக்க மாட்டேன்.