வெள்ளைப் பொடி தூவிய ரப்பர் படகு

1961ஆம் ஆண்டு நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிஷம். இரவெல்லாம் தூறி அப்போதுதான் விட்டிருந்தது. காற்று இல்லை. கொல்லிமலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. ராசிபுரத்துக்குக் கிழக்கே என் மனைவியின் ஊர் ஏரிக்கரையில் நின்று, ரப்பர் படகுக்குக் கால் பம்பால் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பதினான்காவது மிதியில் வலது முழங்கால் கடக்கென்றது. படி ஏறும்போது அந்தக் கடக் இன்றைக்கும் கேட்கிறது.

கரையில் பதினெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். என் மனைவியின் அண்ணன் அவர்களுக்குத் தலைவர் மாதிரி முன்னால் நின்றார்.

"மாப்ளே, கப்பல் எப்பங்க கெளம்புது? டிக்கெட்டு யாருகிட்ட வாங்கறதுங்க?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன் மச்சான், பேசாதீங்க."

"எண்ணுங்க எண்ணுங்க. போற உசுரையும் எண்ணித்தான் உடுவீங்க."

என் மனைவி சிரிக்கவில்லை. இடுப்பில் ஒரு மஞ்சள் துணியைச் செருகிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அந்தத் துணிக்கு அப்போது ஏழு வயது. மகளுக்கு ஒன்பது முடிந்து இரண்டு மாதம்.

துணி வந்த கதையைச் சொல்லாவிட்டால் படகு வந்த கதை விளங்காது. 1954இல் மகளுக்கு வயிற்றுப்போக்கு. நான்கு நாள் நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. டாக்டர் கொடுத்த மருந்தை நான் மணி பார்த்துப் புகட்டிக்கொண்டிருக்க, மனைவி தன் ஊர் ஏரியின் நடுவில் இருக்கும் கன்னிமார் பாறைக்கு வேண்டிக்கொண்டாள். பாறை என்றால் பெரிதில்லை. நான்கு பேர் நிற்கலாம். மேலே கன்னிமார் எழுவருக்கும் ஏழு கல் நட்டிருக்கும். ஏரி வறண்டால் மாடு மேய்ப்பவர்கள்கூட அதில் உட்கார்ந்து சோறு தின்பார்கள். தண்ணீர் நின்றால் யாரும் போவதில்லை. கன்னிமாருக்குச் சாத்த ஒரு மஞ்சள் துணியையும் எடுத்து வைத்தாள். அவள் வேண்டிய சொல் இது: "ஏரி நெறஞ்சு நிக்கையில, புள்ளையப் புள்ளையாவே கொண்டாந்து உன்ற பாறையில நிறுத்தறேன்." ஐந்தாம் நாள் குழந்தை கஞ்சி கேட்டது.

ஏரி காய்ந்திருக்கும்போது நடந்தே போய்க் கும்பிட்டுவிடலாமே, பதற்றத்தில் வாயில் வந்த சொல்தானே என்று நான் சொன்னேன். "நான் சொன்னது எனக்குத் தெரியுமுங்க" என்றாள். 

1955 கடைசியில் ஏரி நிறைந்தது. அந்த ஏரியில் படகும் கிடையாது, பரிசலும் கிடையாது. காவிரிக் கரைக்குப் போய் ஒரு பரிசல்காரரைப் பார்த்தேன். பரிசலை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வர, போக, எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய் கேட்டார். நான் பதினைந்து என்றேன். உயர்நிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியாருக்கு அன்றைய சம்பளத்தில் இருபத்திரண்டு ரூபாய் கால்வாசிக்கு மேல். இரண்டாம் தடவை போய்ப் பதினாறு என்றேன். மூன்றாம் தடவை பதினேழரை என்றேன். "வாத்தியாரே, நீங்க வந்து போன பஸ்சு காசையும் சேத்துக் குடுத்திருந்தா இன்னேரம் சாமி கும்பிட்டிருக்கலாமுங்க" என்று அவர் சிரித்தார். அதற்குள் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள். ஏரியில் முழங்கால் தண்ணீரும் இடுப்பளவு சேறும்தான் மிச்சம். மனைவி மஞ்சள் துணியை மடித்து மறுபடியும் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்த வருத்தத்தில்தான் 1956 சித்திரையில் சேலத்தில் அந்தப் படகை வாங்கினேன். யுத்தத்தில் மிச்சமான தார்ப்பாய், பூட்ஸ், தண்ணீர்க் குப்பி விற்கும் ஒரு கடையில், மூலையில் சுருட்டிக் கிடந்தது. விரித்துக் காற்று அடித்துக் காட்டினார்கள். நீளம் ஒன்பது அடி நாலு அங்குலம். அகலம் இரண்டேமுக்கால் அடி. இரண்டு பக்கமும் நீளக் குழாய், நடுவில் தட்டு. துடுப்பு ஒன்றுதான், அதன் இரு முனையிலும் அகப்பை மாதிரி தட்டை. விலை முப்பத்தெட்டு ரூபாய் எட்டணா. கால் பம்பு தனியாக ஆறே கால் ரூபாய். சொந்தப் பொருள், இனி யாரிடமும் போய்ப் பேரம் பேச வேண்டாம் என்று நினைத்தேன்.

கடைக்காரரிடம் ஏழு கேள்வி கேட்டேன். வால்வு எங்கே, ஒட்டு எத்தனை, எவ்வளவு எடை தாங்கும் என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவர் கடைசியாக, "நல்லாத் தொடச்சுக் காய வெச்சு, வெள்ளைப் பொடி தூவி மடிச்சு வையுங்க. இருவது வருசம் வரும்" என்றார். எட்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. வெள்ளைப் பொடி எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தறி ஓடும் வீட்டில் பிறந்தவனுக்கு வெள்ளைப் பொடி ஒன்றுதான்: பாவு நூலுக்குக் கஞ்சி போடும் கிழங்கு மாவு. நூல் பிசிறாமல் காப்பது ரப்பரையும் காக்கும் என்று தோன்றியது. எங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கும் பஞ்சமில்லை. இரண்டு படி வாங்கிவந்து, சல்லடையில் சலித்து, ஒரு மடிப்பு விடாமல் தூவினேன்.

அதற்கு முன் ஓட்டிப் பழகவேண்டி இருந்தது. பனமரத்துப்பட்டி ஏரியில் விடலாம் என்றால் அது டவுனுக்குக் குடிதண்ணீர் போகும் ஏரி, இறங்க விடமாட்டார்கள். அதனால் மச்சானின் கிணற்றில் பழகினேன். இருபத்தெட்டு அடிச் சதுரக் கிணறு. வலப்பக்கம் துடுப்புப் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும், இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம். நேராகப் போக இடமே இல்லை. மச்சான் மேலே, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை மேட்டில் உட்கார்ந்துகொண்டு, "செக்கு நல்லாச் சுத்துது மாப்ளே, எண்ணெ எத்தனை படி?" என்பார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன். பிறகு படகைத் துடைத்துக் காயவைத்து, மாவு தூவி, மடித்துப் பரணில் வைத்தேன்.

அந்த வருஷம் ஏரி பாதி நிறைந்தது. அதற்கடுத்த வருஷம் கால்வாசி. மதகுக்குப் பக்கத்தில் பதினோரு படி உண்டு. ஐப்பசி வந்தால் நான் போய் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்ப்பேன். ஆறு. மூன்று. நான்கு. ஐந்து. ஏழு. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவிக்கு என் முகத்திலிருந்தே எண்ணிக்கை தெரிந்துவிடும். தண்ணீர் வராத கோபத்தில் படகைப் பரணிலிருந்து இறக்கக்கூட மனம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூட்டையின் வாயை மட்டும் திறந்து இன்னும் ஒரு கை மாவு போடுவேன். அவ்வளவு கவனம்.

1961 கார்த்திகை முதல் வாரம் மச்சானின் கார்டு வந்தது. ஏரி நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலிங்கில் வழிகிறது, மதகு பத்து நாள் கழித்துத் திறப்பார்கள் என்று எழுதியிருந்தார். அன்றைக்குத்தான் மனைவி வேண்டுதலின் இரண்டாம் பாதியை எனக்கு நினைவூட்டினாள்.

"இவளுக்குப் பத்து நடக்குதுங்க. அடுத்த தடவ ஏரி நெறையறப்ப இவ புள்ளையா இருக்க மாட்டா. புள்ளையாவே கொண்டாந்து நிறுத்தறேன்னு சொல்லியிருக்கேன்."

ஏரி நிறையவேண்டும் என்ற கணக்கையே ஏழு வருஷம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

பரணிலிருந்து மூட்டையை இறக்கியதும் புளித்த வாடை வந்தது. பிரித்தேன். எலிப்புழுக்கை. வலப்பக்கக் குழாயில் பதினாறு ஓட்டை, இடப்பக்கம் ஐந்து, தட்டில் இரண்டு. சைக்கிள் கேரியரில் கட்டி, பஞ்சர் ஒட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் விரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, இது சண்டைக்குப் போன படகுங்களா?"

"ஆமா."

"சண்டையில கூட இத்தனை ஓட்டை உளுந்திருக்காதுங்க. என்ன தூவி வெச்சீங்க?"

"வெள்ளைப் பொடிதான்."

அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கெழங்கு மாவு! அட சாமி! ட்யூபுக்குத் தூவறது சீமைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு கல்லுப் பொடிங்க. நீங்க எலிக்குச் சோறும் போட்டு, அதுக்கு ரப்பர்ல எலையும் போட்டிருக்கீங்க. பாயசம் மட்டுந்தான் பாக்கி." கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்குக் காது சுட்டது.

இரண்டு நாள் வேலை. இருபத்துமூன்று ஒட்டு, நான்கு டியூப் சொல்யூஷன். காற்று அடித்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தைந்தாம் நிமிஷத்தில் வலப்பக்கக் குழாய் தொய்ந்தது. மறுபடி ஒட்டியும் நாற்பதைத் தாண்டவில்லை. ஏரி காய்ந்தபோது கரையிலிருந்து பாறைக்கு நான் நடந்து எண்ணியது முந்நூற்றுப் பத்து அடி வைப்பு. போகப் பதினாறு நிமிஷம், வரப் பதினாறு நிமிஷம், கும்பிட ஐந்து நிமிஷம். மூன்று நிமிஷம் மிச்சம். மனைவியிடம் சொன்னேன். "பம்பை எடுத்துக்குங்க. நான் அடிக்கறேன்" என்றாள்.

மச்சான் மகளின் இடுப்பில் இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டார். கிணற்றில் குழந்தைகள் நீச்சல் பழகக் கட்டுவது. "அம்மிணி, உனக்கும் ஒண்ணு கட்டட்டுமா?" என்று தங்கையைக் கேட்டார். "அவருக்குக் கட்டுங்கண்ணா" என்றாள். கட்டிக்கொண்டேன். எனக்கும் நீச்சல் தெரியாது.

ஏழு முப்பத்திரண்டுக்குக் கிளம்பினோம். மகள் நடுவில், மனைவி பின்னால் பம்பை முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு. ஒரு அமுக்கலுக்கு ஒரு 'புஸ்'. அவள் இதற்கு முன் தண்ணீரின் மேல் இருந்தது கிடையாது. பயம் இருந்திருக்கும். 'புஸ்' நிற்கவில்லை. நான் துடுப்பு வீச்சை எண்ணினேன். கிணற்றுப் பழக்கத்தில் படகு இரண்டு தடவை தானாகச் சுற்றியது. ஐந்நூறு வீச்சுக்கு மேல் ஆனதும் நிமிர்ந்து பாறையைத் தேடினேன். இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். ஏரியின் படிகளை வருஷா வருஷம் எண்ணியவன், பாறையின் உயரத்தை அளக்கவில்லை. ஏரி முழுவதும் நிறைந்தால் பாறை முழுகும்.

"திரும்பிடலாம்" என்றேன். நிமிஷம் பத்தொன்பது ஆகியிருந்தது.

"துடுப்ப உள்ள உட்டுப் பாருங்க" என்றாள்.

விட்டேன். சேறு. பத்தடி தள்ளி மறுபடி விட்டேன். சேறு. மூன்றாம் தடவை டக்கென்றது. மேலிருந்து ஒரு சாண் ஆழத்தில் பாறை இருந்தது. அவள் படகைவிட்டு இறங்கினாள், கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர். மகளைத் தூக்கிப் பக்கத்தில் நிறுத்தினாள். குனிந்து தண்ணீருக்குள் தடவித் தடவிக் கல்லைத் தேடினாள். "ஒண்ணு" என்றாள். முந்தானையில் முடிந்திருந்த மஞ்சளைத் தடவினாள். "ரெண்டு." நான் படகில் பம்பை அமுக்கிக்கொண்டே அவளோடு சேர்ந்து எண்ணினேன். ஆறு வரை வந்தது. ஏழாவதை அவள் கை கண்டுபிடிக்கவில்லை.

"ஆறுதான் ஆச்சு" என்றேன். கடிகாரம் இருபத்தாறு நிமிஷம் காட்டியது.

அவள் நிமிர்ந்தாள். மஞ்சள் துணியை மகளின் தோளில் போட்டாள். "ஏழாவது நிக்குது பாருங்க. உங்க எண்ணிக்கை சரியாப் போச்சு, வாங்க போலாம்" என்றாள். மகள் தண்ணீரின் மேல் நிற்பதுபோல நின்றாள். கரையில் பதினெட்டுப் பேரும் கத்துவது கேட்டது. முழுகிய பாறை அவர்கள் கண்ணுக்குத் தெரியாது அல்லவா. மகள் கையை ஆட்டினாள். அரை நிமிஷம் இருக்கும்.

திரும்பும்போது வலப்பக்கம் தொய்ந்து, படகு சாய்ந்து, கரைக்கு நாற்பது அடி வைப்பு இருக்கையில் எங்களை இறக்கிவிட்டது. நெஞ்சளவு தண்ணீர். மச்சான் நீந்தி வந்து மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "டிக்கெட்டு எடுக்காம நான் வந்தது நல்லதாப் போச்சு மாப்ளே" என்றார். என் மூக்குக் கண்ணாடி ஏரியில் போய்விட்டது. புதிதாகப் பதினான்கு ரூபாய். மனைவி ஈரத்தோடு வண்டியில் உட்கார்ந்து, ஊர் வந்து சேரும்வரை தூங்கிக்கொண்டே வந்தாள். ஏழு வருஷத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

படகைச் சைக்கிள் கடைக்காரர் நான்கு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். வெட்டி வெட்டி ஒட்டு போடப் பயன்படுத்தினார். ஒன்று என் சைக்கிளின் பின் ட்யூபிலேயே இருந்தது.

1964 கோடையில் ஏரி காய்ந்தபோது தனியாக நடந்து போய்ப் பார்த்தேன். பாறையில் ஏழு கல்லும் இருந்தன. ஏழாவது சற்றே சாய்ந்து விளிம்பில் இருந்தது, மஞ்சள் படாமல். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்து, மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிச் சொல்ல ஆள் இல்லை.

அணாவை நயா பைசாவாக மாற்றி, படகு, பம்பு, மாவு, பஸ்ஸில் படகுக்குப் போட்ட லக்கேஜ், ஒட்டு, சொல்யூஷன், கூலி, மாட்டு வண்டி, மூக்குக் கண்ணாடி எல்லாம் கூட்டி, விற்ற நான்கு ரூபாயைக் கழித்துப் பார்த்தேன். பரிசல்காரர் கேட்டது இருபத்திரண்டு ரூபாய். எனக்கு ஆனது அறுபத்து நான்கு ரூபாய் ஐம்பத்தாறு நயா பைசா.