ஐந்தாவது தொப்பி

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எல்லோருக்கும் கம்பளி நூலில் ஏதாவது பின்னிக் கொடுப்பேன். விழிஞ்ஞத்தில் மீன்பிடிக்கப் போகும் என் கொழுந்தனுக்கு நான்கு வருடமாகத் தொப்பி பின்னினேன். ஒருநாளும் அதை அவன் தலையில் பார்த்ததில்லை. இந்த முறை கோபத்தில் கடைச் சட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனேன். அவன் வள்ளம் கரைக்கு வந்தது. கூட வந்த நான்கு பேர் தலையிலும் என் தொப்பிகள். அவன் தலை மட்டும் வெறுமனே இருந்தது.

“கடல்ல விடியக்காலம் நல்ல குளிரு மைனி. வருஷத்துக்கு ஒருத்தன்னு குடுத்தாச்சு. இந்த வருஷம் என் முறை,” என்று சிரித்தான்.

மீனை மறந்து நூல் கடைக்கு ஓடினேன். மறுநாள் பாதி பின்னிய தொப்பியைத்தான் ஊசியோடு கொடுக்க முடிந்தது. அதை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு அவன் கேக் சாப்பிட்டான்.